ஒரே ஒரு கொடுவா

என் கணவர் ஜெஃப்ரி சனிக்கிழமைதோறும் மீன் பிடிக்கப் போவார். ஆனால் இரும்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் அவர் பிடித்த மீனின் ஒரு செதில்கூட வந்ததில்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவருடைய காற்றடைக்கும் ரப்பர் படகு சுருண்டு கிடப்பது என் வீட்டு ஹாலில்.

அவர் பிடிப்பது கொடுவா. கோவளம் பக்கத்து உப்பங்கழியில் பாலத்தூண் ஓரமாகப் பதுங்கிக்கிடக்கும் பெரிய மீன். புழு, இறால் என்று உயிருள்ள இரை எதுவும் போடமாட்டார். பெயிண்ட் அடித்த பொய்மீன் ஒன்றைத் தூண்டிலில் கட்டி எறிந்து, இழுத்து, ஏமாற்றிப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் அளந்து, போட்டோ எடுத்து, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். அவருடைய வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அப்படித்தானாம். மீனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவனை அங்கே கொலைகாரனைப் போலப் பார்ப்பார்களாம்.

என் அம்மா ரத்தினபாய் சேலையூரில் இருக்கிறாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் முட்டை போடுகிற ரகம். ஜெஃப்ரியின் போட்டோக்களை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை.

"இந்தக் காலத்துல போட்டோல யானையைக்கூடப் பிடிக்கலாம்டி. பேதுருவே படகை விட்டுட்டுத்தான் ஆண்டவர் பின்னாடி போனாரு. உன் வீட்டுக்காரரு ஆராதனைல கொட்டாவி விட்டுட்டு, படகைக் கட்டிக்கிட்டுக் கிடக்கறாரு" என்பாள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இதற்கென்றே ஒரு தனி விண்ணப்பம் வைத்திருக்கிறாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வாரம் ஹாலில் நடந்தபோது துடுப்பு தடுக்கி விழுந்தேன். கையில் இருந்த சாம்பாரும் விழுந்தது. பொறுமை போய்விட்டது. அம்மாவின் சர்ச்சில் கிடார் வாசிக்கும் ஜாய்சன் அந்தப் படகை விலைக்குக் கேட்டு வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். அன்றே அவனுக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை அம்மா சாப்பிட வர்றாங்க" என்று ஜெஃப்ரியிடம் சொன்னேன். "அதுக்குள்ள ஒரே ஒரு கொடுவா, நீங்க பிடிச்சது, இந்த வீட்டுச் சட்டிக்கு வரணும். வரலைன்னா சாப்பாடு முடிஞ்சதும் ஜாய்சன் வந்து படகை எடுத்துட்டுப் போவான்."

ஜெஃப்ரி சண்டை போடவில்லை. அவருக்குச் சண்டை போடவே வராது. ஆபீசில் மேனேஜர் ஏசினாலும் சரி, ஆட்டோக்காரர் ஏசினாலும் சரி, அவருடைய பதில் ஒரே "சரி"தான். எனக்கும் அதையே சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து சாம்பார் பட்ட படகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்துப் படகு. அந்த முதுகைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

"நானும் வர்றேன். இல்லைன்னா எங்கேயாவது கடைல வாங்கிட்டு வந்து பிடிச்சேன்னு சொல்லுவீங்க" என்றேன். ஏமாற்று வேலை என்றால் எனக்கு ஆகவே ஆகாது.

சனிக்கிழமை விடிவதற்குள் வண்டலூர் வழியாகக் கோவளம் போய்ச் சேர்ந்தோம். பாலத்தடியில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ரேணுகாம்பாள் எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானாள்.

"இன்னா சார், இன்னிக்கு வூட்டம்மாவையும் இட்டாந்துட்டியா? மீனுக்கு முத்தம் குடுக்கறது நீயா, அவங்களா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "புடிக்கறாரு, கொஞ்சறாரு, வுட்டுடறாரும்மா. எங்க வூட்டு ஆம்பளைங்க இத்த சொல்லிச் சொல்லி சிரிச்சிகினு கீறாங்க" என்றாள்.

"இன்னைக்கு விடமாட்டாரு" என்றேன் நான்.

படகுக்குக் காற்று ஏற்றி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, தண்ணீரில் இறக்கினார். எனக்கு நீச்சல் தெரியாது. உள்ளுக்குள் நூற்றுமூன்றாம் சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கரையை விட்டதும் ஜெஃப்ரிக்குள்ளிருந்து வேறொரு ஆள் துடுப்பு போட ஆரம்பித்துவிட்டார். "ஜெரு, அசையாத. கொஞ்சம் இடது பக்கம் சாய். பேசாத" என்று அதட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னிடம் "பேசாத" என்று அவர் சொன்னதில்லை. நான் பேசாமல் சாய்ந்தேன்.

கடல்தண்ணீர் உப்பங்கழிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தூணின் நிழல் விழும் இடமாகப் பார்த்துப் பொய்மீனை எறிந்தார், இழுத்தார், மறுபடி எறிந்தார். வெயில் ஏறியது. எனக்குக் கொட்டாவி வந்தது. ஜாய்சன் படகை எடுத்துக்கொண்டு போனதும் ஹாலில் எந்த மூலையில் புத்தக அலமாரியை வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தூண்டில் ராடு வளைந்தது. ரீல் கிறீச்சென்று கத்தியது. தூணுக்குப் பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ஒன்று முழு உடம்போடு தண்ணீரை விட்டு மேலே வந்து, தலையை உதறிவிட்டு, தொப்பென்று விழுந்தது.

நான் அலறினேன். பயத்தில் இல்லை. "விடாதீங்க! விடாதீங்க!" என்று கிரிக்கெட் பார்ப்பவள்போல அலறினேன். மீன் தூணைச் சுற்றி ஓடப் பார்த்தது. ஜெஃப்ரி படகோடு சேர்ந்து அதன் பின்னால் போனார். ஓடவிட்டு இழுத்தார், விட்டுக்கொடுத்து இழுத்தார். முகமெல்லாம் வேர்வை, கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். இந்த மனிதரையா நான் இத்தனை நாள் தூக்கக்கலக்கத்தில் நடமாடுகிறவர் என்று நினைத்தேன்? அந்த நிமிஷம் அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கடைசியில் வலைக்கரண்டியில் மீன் ஏறியது. என் கை நீளம் இருந்தது. செவுள் ஓரம் கையைக் கிழித்துவிடும் என்று சொல்லி, கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினார். கொக்கியை எடுத்தார். அளந்தார். நான் போட்டோ எடுத்தேன். நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். அப்புறம் படகின் ஓரமாகக் குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, மூச்சு வாங்க முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார். அவ்வளவு பதமாக அசைத்தார். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கையைத் திறந்தார்.

மீன் போய்விட்டது.

ஜெஃப்ரி நிம்மதியாக நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"ஐயோ" என்றார்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சிரிப்பு. படகு ஆடுமளவுக்குச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கை பழகிடுச்சு ஜெரு. யோசிக்கவே இல்ல" என்று மறுபடி மறுபடி சொன்னார். அதன் பிறகு வெயில் உச்சிக்கு ஏறும் வரை எறிந்தும் ஒரு மீனும் தொடவில்லை. கரைக்குத் திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. படகு போனால் இந்த ஆளும் போய்விடுவார். மறுபடியும் அந்தச் "சரி" ஆசாமிதான் என் வீட்டில் மிச்சம் இருப்பார்.

அதனால்தான் ரேணுகாம்பாள் கூடையில் ஒரு கொடுவா கிடப்பதைப் பார்த்ததும், "இதை வெட்டிக் குடுங்க" என்றேன். ஜெஃப்ரி என்னை வெறித்துப் பார்த்தார்.

"வாயைத் திறக்காதீங்க. அம்மா கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஞாயிறு மதியம் அம்மா கொடுவாக் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பரவாயில்லையே மாப்பிள்ளை! எப்படிப் பிடிச்சீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க."

வழிமுறை கேட்கிறாள். "அது ஒண்ணுமில்லம்மா" என்று நான் குறுக்கே புகுந்தேன். ஆனால் ஜெஃப்ரி ஆரம்பித்துவிட்டார். தூணின் நிழல், ராடு வளைந்தது, மீன் தலையை உதறியது, நான் அலறியது எல்லாம் சொன்னார். அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. "அப்புறம்? அப்புறம்?" என்றாள். அவர் அளந்ததைச் சொன்னார், போட்டோ எடுத்ததைச் சொன்னார். அந்த இடம் வந்ததும் அவருடைய இரண்டு கைகளும் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே முன்னும் பின்னுமாக அசைந்தன. நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். கைகள் திறந்துகொண்டன.

"விட்டுட்டேன் அத்தை" என்றார்.

அம்மா தட்டில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"அப்ப இது?"

"வாங்கினது. மன்னிச்சிருங்க."

அப்போது பார்த்து வாசல் மணி அடித்தது. ஜாய்சன். மீன் வாங்கிய அவசரத்தில் அவனை வர வேண்டாம் என்று சொல்ல மறந்துபோயிருந்தேன். ஜெஃப்ரி எழுந்து கை கழுவினார். படகுச் சுருளை இழுத்து வாசல் பக்கம் கொண்டுவந்தார். துடுப்புகளை அதன்மேல் வைத்தார். சொன்ன சொல் சொன்னதுதான் என்று நினைத்துக்கொண்டார், பாவம். நான் எச்சில் கையோடு போய்க் கதவுக்கும் படகுக்கும் நடுவே நின்றுகொண்டேன்.

"ஜாய்சன், படகு விக்கறதுக்கு இல்ல."

"அக்கா, நீங்கதானே போன் பண்ணி வரச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப எனக்கே வேணும். அடுத்த சனிக்கிழமை நான்தான் தூண்டில் போடப் போறேன்."

ஜெஃப்ரி என்னைப் பார்த்தார். அம்மா என்ன சொல்லப் போகிறாளோ என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். பொய் மீன் போட்டு ஏமாற்றியவள் நான்.

"ஜாய்சன், வெளிய ஏன்டா நிக்கற, வந்து சாப்பிடு. வாங்கின மீனா இருந்தாலும் குழம்பு நல்லாயிருக்கு" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மாப்பிள்ளை, நீங்க இப்படி வந்து உக்காருங்க. கையைத் திறந்தீங்களே, அது உடனே போயிடுச்சா, இல்ல கொஞ்ச நேரம் நின்னு உங்களைப் பாத்துச்சா?"

ஜெஃப்ரி துடுப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தார்.