பழம் ஏறாத லாரி

விடிவதற்கு முன்பே கூடாரத்துக்குள் குனிந்துவிட்டோம். பிளாஸ்டிக் கூரையில் சேர்ந்த பனிநீர் பிடரியில் சொட்டியது. ஸ்ட்ராபெரியைக் காம்போடு கிள்ளி, நசுங்காமல் தட்டில் அடுக்க வேண்டும். ஒன்று நசுங்கினாலும் மேஸ்திரி குத்தூஸ் திட்டுகிற திட்டில் காது கூசும். அவனும் எங்களைப் போல வங்காளதேசத்துக்காரன்தான். என்ன பிரயோசனம்? முதலாளிக்கு ஜால்ரா போடவே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

அன்று எங்களோடு பழம் கிள்ளும் தொஃபாயலுக்கு பாத்ரா நகரத்தில் அடைக்கல விசாரணை. ஊரில் ஆற்றோர நிலத்தைக் கட்சிக்காரர்கள் பிடுங்கியபோது, தன் அண்ணனை அவர்கள் வெட்டியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். சாட்சி சொல்லிவிட்டு உயிர் தப்பி ஓடிவந்தவன். அடைக்கலம் கேட்டுக் காத்துக் காத்துக் கிடைத்த தேதி இது. ஏதென்ஸில், கிரேக்க நாடாளுமன்றத்தில், ஒரு மசோதா ஓட்டுக்கு வரப்போகிறது. நிறைவேறிவிட்டால் எங்கள் நாடு ஆபத்தில்லாத நாடாம். எங்கள் மனுவை ஆள் முகத்தைப் பார்க்காமலே தள்ளிவிடலாமாம். எங்கள் கதியை முடிவுசெய்ய யாரோ எங்கேயோ கை தூக்கப் போகிறார்கள், நாங்கள் இங்கே பழம் கிள்ளிக்கொண்டிருக்கிறோம். வேறென்ன செய்ய முடியும்?

பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்த குத்தூஸ், வேன் சாவியை முதலாளி வாங்கிக்கொண்டார் என்று கையை விரித்தான். அந்த பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போக வேறு வழியில்லை. பஸ் போய்விட்டது.

முதலாளி லெஃப்தேரிஸ் குளிர்லாரியோடு வந்து நின்றார். துவைத்த சட்டையோடு தொஃபாயல் அவர் எதிரே போனான்.

“நாளைக்குப் போ. இது ஈஸ்டர் லோடு.”

“நாளைக்குப் போனா கேக்க மாட்டாங்க முதலாளி. அடுத்த தேதி புதுச் சட்டத்துல விழுந்துடும்.”

“இன்னைக்கு மட்டும் உன்னை நம்பிடவா போறாங்க? போய்ப் பழத்தைத் தூக்கு.”

தொஃபாயல் குனிந்து தட்டைத் தூக்கினான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“கீழ வைடா,” என்றேன்.

நிரம்பிய தட்டுகளுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். லாரி பாத்ரா வழியாகத்தான் போகிறது, அவனை ஏற்றினால் பழமும் ஏறும் என்று சொன்னோம். வெயில் ஏறினால் பழம் கூழாகிவிடும் என்பது முதலாளிக்கும் தெரியும்.

“போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. அவங்க ஜீப்புலயாவது இவன் பாத்ரா போய்ச் சேரட்டும்,” என்றேன்.

சிலர் சிரித்தார்கள். அவர் போனைக் காதில் வைத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

எங்களில் ஹெலாலுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. இனிமேல்தான் மனுப் போட வேண்டும். போலீஸ் வந்தால் முதலில் அள்ளுவது அவனைத்தான். கூடாரத்துக்குப் பின்னால் ஓடிவிடு என்று அவன் காதில் சொன்னேன். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

“சட்டம் வந்துட்டா நான் என்னைக்கும் போய்ச் சொல்ல முடியாது பாய். இவனாவது சொல்லட்டும்.”

எழுந்தவன், என்னைத் தாண்டிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தான். முதலாளி இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் ஹெலாலைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம்.