சென்னையிலிருந்து வந்த நாற்பது பல்புகள்

மீனாம்பாளின் சூட்கேஸில் அப்பளக் கட்டும் வடகமும் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது எல்.இ.டி. பல்புகள் வந்து இறங்கின. போன தை மாதம் சென்னையிலிருந்து மெல்பர்ன் திரும்பியபோது அவள் கணவர் பார்த்தசாரதி செய்த ஏற்பாடு அது. இரண்டு ஊரிலும் பல்பு மாட்டுகிற ஹோல்டர் ஒரே மாதிரிதான் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, ஹோல்டரையே தான்தான் கண்டுபிடித்த மாதிரி நடந்துகொண்டார். ஒவ்வொரு பல்பையும் அவளுடைய பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துச் சுற்றினார். கல்யாணப் புடவைக்குக்கூட அவர் அத்தனை மரியாதை கொடுத்து அவள் பார்த்ததில்லை.

அன்று முதல் மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டில் அவர்கள் வீட்டுக்குப் பெயர் ‘மின்சேமிப்பு இல்லம்’. பல்பு என்று யாராவது சொல்லிவிட்டால் ‘ஒளிமூலம்’ என்று திருத்துவார். கழிவறை விளக்கு ஆள் அசைந்தால்தான் எரியும். உள்ளே கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்துவிட்ட விருந்தாளிகள் இருட்டில் கைகளை வீசிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் மிச்சமானது என்னவோ உண்மை, மீனாம்பாளே ஒப்புக்கொள்வாள். அதைப் பற்றிய பேச்சில்தான் எந்தச் சிக்கனமும் இல்லை.

பக்கத்து வீட்டு ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்தைந்து வருடமாக இங்கே எலக்ட்ரீஷியன். ஒருநாள் அந்தப் பல்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, உதிலை இஞ்சத்தைய தர முத்திரை ஒண்டும் இல்லை. கவனம்” என்று மட்டும் சொன்னார். பார்த்தசாரதி அவரை வேலியோரம் நிற்கவைத்து முக்கால் மணி நேரம் லூமென் என்கிற வெளிச்ச அளவு பற்றி வகுப்பெடுத்தார். அதற்கப்புறம் ஜெயரட்ணம் அவரிடம் மழை வெயிலைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

அந்த வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு மீனாம்பாளுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் நேர்முகத் தேர்வு. வேலூரில் படித்த நர்ஸ் அவள். மகள் பிறந்த பிறகு எட்டு வருடம் வேலைக்குப் போகவில்லை. பதிவையெல்லாம் புதுப்பித்து, பதினான்கு இடத்துக்கு எழுதிப்போட்டு, வந்தது இந்த ஒரே ஒரு அழைப்பு. ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். நீல ஃபைலைச் சாப்பாட்டு மேஜையில் எடுத்து வைத்துவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்துத் தமிழ்ச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் மின்சேமிப்பு இல்லத்தைப் பார்வையிட வந்தார்கள். பார்த்தசாரதி அறை அறையாகக் கூட்டிப்போனார். கராஜில் பயணம் முடிந்தது. “இது ஒம்போதே வாட்!” என்று அங்கே விளக்கைப் போட்டுக் காட்டினார். பிறகு எல்லோரும் வாசலுக்கு வந்து, கார் ஏறும்வரை பேசி, கார் ஏறிய பிறகும் கண்ணாடி வழியாகப் பேசி, கைகாட்டி அனுப்பிவைத்தார்கள்.

மெல்பர்ன் காற்று ஒன்று வந்து முன்கதவை அறைந்து சாத்தியது.

“சாவி?” என்றாள் மீனாம்பாள்.

“உள்ளே. அதனாலென்ன, ரிமோட் இருக்கே.”

இந்த ஊர்த் தமிழர்கள் முன்கதவுச் சாவியைக் கையோடு கொண்டுபோவதில்லை. செருப்பு ஸ்டாண்ட் கராஜில்தானே இருக்கிறது. போக்குவரத்தெல்லாம் அந்த வழிதான். டிரைவ்வேயில் நின்ற காரிலிருந்து ரிமோட்டை எடுத்துப் பார்த்தசாரதி அழுத்தினார். கதவு அசையவில்லை. கிட்டே போய் அழுத்தினார். தலைக்கு மேல் தூக்கி அழுத்தினார். காரிலிருந்த இன்னொரு ரிமோட்டையும் எடுத்து, இரண்டு கையாலும் அழுத்தினார்.

மணி ஒன்று இருபது. பூட்டுத் திறக்கிறவனுக்குப் போன் செய்தால் இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். ஜன்னல் வழியே நீல ஃபைல் தெரிந்தது. அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது போலிருந்தது.

“கண்ணாடியை உடைங்க.”

“மீனா, அது ரெண்டு அடுக்குக் கண்ணாடி, டபுள் கிளேசிங்! வீட்டோட சூடெல்லாம்…”

“என் எட்டு வருஷம் உள்ள இருக்குங்க!”

வேலிக்கு அப்பால் ஒரு தலை எழுந்தது.

“என்ன தங்கச்சி, என்ன பிரச்சினை?” ஜெயரட்ணம்.

மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவர் வந்து, கதவுக்கு முன்னால் குனிந்து, அடியில் பார்த்தார்.

“உள்ளுக்கை லைற் எரியுதோ தம்பி?”

“சான்ஸே இல்ல. இந்த வீட்டுல ஆளில்லாத இடத்துல ஒளிமூலம் எரியாது.”

“அப்ப இது என்ன, சூரியனோ?”

கதவின் அடியில் வெள்ளைக்கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பார்த்தசாரதி குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரச் சற்று நேரமானது.

ஜெயரட்ணம் பக்கச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து, வரிசையில் ஒரு சுவிட்சைக் கீழே தட்டினார். வெள்ளைக்கோடு மறைந்தது. “இப்ப றிமோட்டை அமத்துங்கோ.”

கதவு, ஒன்றுமே நடக்காதது போல, மேலே போனது.

“கதவு மோட்டருக்குப் பக்கத்திலை அந்த பல்ப் எரியேக்கை றிமோட்டின்ர சிக்னலைக் குழப்புது. எல்லா பல்பும் இப்பிடி இல்லை. முத்திரை இல்லாததுகளாலை வாற கரைச்சல். மோட்டர் வேற லைன், லைற் வேற லைன். லைற்றை மட்டும் நிப்பாட்டினா சரி.”

“ஓ! அப்படின்னா இந்த ஃப்ரீக்வென்சி…” என்று பார்த்தசாரதி ஆரம்பித்தார்.

“ஏங்க, ஃபைல்!”

மீனாம்பாள் ஓடினாள். திரும்பி வந்தபோது ஜெயரட்ணத்தின் முன் கைகூப்பினாள். “ஓம் ஓம், பேந்து கதைப்பம். கெதியாப் போட்டு வாங்கோ” என்று அவர் விரட்டினார்.

ஃப்ரீவேயில் பாதி தூரம்வரை பார்த்தசாரதி வாயே திறக்கவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “நான்தான் மீனா அணைக்காம வந்துட்டேன்.” பதினொரு வருடத் தாம்பத்தியத்தில் அவர் சொன்ன மிகச் சிறிய உரை அதுதான். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது ஒன்பது நிமிடம் மிச்சமிருந்தது.

வேலை கிடைத்தது. செய்தி வந்த அன்று பார்த்தசாரதி ஒரு டப்பா நிறைய ரவா லட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். நன்றியுரை தயாரித்துக்கொண்டுதான் போயிருப்பார், மீனாம்பாளுக்குத் தெரியும். ஆனால் வேலியோரம் நின்றவளுக்குக் கேட்டது இவ்வளவுதான்: “ரொம்ப நன்றிண்ணே. நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்.” அதற்கு ஜெயரட்ணம், “உந்த லட்டு நல்லா இருக்கு” என்றார். நாற்பது பல்புகளையும் கழற்றி, முத்திரை உள்ளவற்றை இருவருமாக மாட்டினார்கள். ஏணியில் ஜெயரட்ணம், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், பார்த்தசாரதி.

முதல் நாள் வேலை முடிந்து நாலரை மணிக்கு மீனாம்பாள் வீட்டுக்கு வந்தாள். கால் இரண்டும் கெஞ்சின. ரிமோட்டை அழுத்தினாள். கதவு உடனே எழுந்தது. உள்ளே போய்க் கதவை இறக்கிவிட்டு, இருட்டில் தடவிச் சுவிட்சைத் தேடினால், விரலில் ஒரு காகிதம் தட்டுப்பட்டது. விளக்கைப் போட்டுப் படித்தாள். கணவர் கையெழுத்துதான். ‘பார்த்தசாரதி, பல்பை அணைத்தாயா?’

ஒளிமூலம் இல்லை, பல்பு.

மீனாம்பாள் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். நேரே உள்ளே போகாமல், அந்த வெளிச்சத்தில் ஒரு நிமிடம் சும்மா நின்றாள். புதுப் பல்பும் ஒன்பது வாட்தானே. வேலிக்கு அப்பால் இருப்பவருக்கும் உள்ளே ரசம் தாளிக்கிறவருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லி முடிக்க அது போதுமானதாக இருந்தது. பிறகு மறக்காமல் அணைத்தாள்.