ஊசியும் கையும்

அந்த மெரூன் ரவிக்கையின் உட்புறத்தில், இடுப்பிலிருந்து அக்குள் வரைக்கும், பழைய தையலைப் பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் ஒரு வரிசையாக ஓடுகின்றன, எறும்புகள் போய்விட்ட பிறகும் தடம் கிடப்பதுபோல, அதற்கு உள்ளே இன்னொரு வரிசை, அதற்கும் உள்ளே அம்மா கையால் போட்ட தையல், கறுப்பு நூல், மெரூன் நூல் தீர்ந்திருக்க வேண்டும், அல்லது அவளுக்கு நிறம் தெரியவில்லை, கண் அப்போதே மங்கத் தொடங்கியிருந்ததோ என்னவோ, நான் கேட்கவில்லை, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் துளைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக என் கைமேல் விழுகிறது, வெளியே சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது, கடைக்குப் போக இன்னும் நேரமிருக்கிறது, ரவிக்கை எனக்குப் பத்தவில்லை.

அம்மா தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றாள், வேலை பார்த்தாள் என்பதைவிட நின்றாள் என்பதுதான் சரி, அங்கே உட்கார விடமாட்டார்கள், சேலை பார்க்க வருகிறவர்கள் மடிப்பில் பார்த்துத் திருப்திப்படாமல், உங்க மேல போட்டுக் காட்டுங்கக்கா என்பார்கள், அம்மா தோளில் போட்டு, முந்தானையை விரித்து, கண்ணாடிப் பக்கம் அரைவாசி திரும்பி நிற்பாள், எம்மேல போட்டா வித்துரும்ட்டி என்று வீட்டில் வந்து சொல்லுவாள், அதில் பொய் இல்லை, சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போனேன், அப்பா என்று ஒருவர் எங்கள் வீட்டில் கிடையாது, அதனால் சாவி அவளிடம்தான், மாடிப்படியில் நின்று பார்க்கிறேன், கண்ணாடிக்குள் அரக்குப் பட்டில் யாரோ ஒரு பெண், யார் வீட்டுக் கல்யாணப் பெண்ணோ என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அவள் சேலையை எடுத்து மடிக்கிறாள், மடித்து முடித்ததும் அது அம்மா, எனக்கு ஏனோ அழுகை வருகிறது, இந்த ஞாபகம் உண்மையா அல்லது பிறகு கனவில் கண்டதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது, மாத்திரைக்குக் கேட்கவில்லை, ஊசி என்றார்கள், ஊசி போட ஆரம்பித்ததும் அதுவரை வற்றிக்கொண்டிருந்த உடம்பு மழை கண்ட குளம் மாதிரி நிறைந்தது, முகம் உருண்டது, கை பெருத்தது, சாப்பிடத் தாமதமாகி நடுக்கம் எடுத்தால் வாடிக்கையாளருக்கு வைத்திருக்கும் ஆரஞ்சு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள், பிறகு நடுக்கம் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே போட்டுக்கொண்டாள், கூட நிற்கும் கோமு அக்காவுக்கு வாய் சும்மா இராது, என்னக்கா, மக ஆக்கிப் போடுதாளோ, பூரி மாதிரி உப்பிக்கிட்டே வாரிய, எண்ணெயில இருந்து எடுத்திரவா என்று கேட்டாளாம், அம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன், அன்றைக்குத்தான் ரவிக்கையின் வெளித்தையலைப் பிரித்தாள், கடை கொடுக்கிற சீருடை ரவிக்கைதான், தையற்காரர்கள் உள்ளே துணி விட்டே தைப்பார்கள், பிரித்துக்கொள்ளலாம், பிரிக்கப் பிரிக்க உள்ளே இருக்கிற துணி தீரும், தீர்ந்த வாரத்தில், அல்லது அதற்கு அடுத்த வாரம், மாடியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி அம்மாவைக் கூப்பிட்டார், அவர் கெட்டவர் இல்லை, பிரமு, கீழ பாவாடை துண்டு பக்கம் ஆளு இல்ல, கொஞ்ச நாளு பாத்துக்கோ, உனக்கும் படி ஏற எறங்கக் கஷ்டம்லா என்றார், கீழ்த்தளத்தில் கண்ணாடி கிடையாது, அன்று இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மா, துண்ட யாரு மேலட்டி போட்டுக் காட்ட என்றாள், நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ரசத்தை ஊற்றினேன்.

பிறகு அவள் மெலிந்தாள். காலையில் நான் அடுப்படியில் நின்று இட்லி எடுப்பேன், அவள் திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருப்பாள், அம்மா, ஊசி என்று இங்கிருந்தே கேட்பேன், ஊசியும் கையுமாத்தாம்ட்டி இருக்கேன் என்று பதில் வரும், தினமும் அதே கேள்வி, அதே பதில், எங்களுக்குள் அது ஒரு பாட்டு மாதிரி ஆகிவிட்டது, திரையில் அவள் நிழல் குனிந்திருக்கும், விரலால் எதையோ கிள்ளிப் பிடித்திருக்கும், வயிற்றுச் சதையைக் கிள்ளி ஊசி ஏற்றுகிறாள் என்றுதான் நினைப்பேன், அவள் கிள்ளிப் பிடித்தது துணியை, தொளதொளத்துப்போன ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், கையில் ஊசி இருந்தது, அவள் சொன்னதில் பொய் இல்லை, தெருவில் எல்லாரும், எப்படிக்கா மெலிஞ்சிய, எங்களுக்கும் சொல்லக் கூடாதா என்று வழிமறித்துக் கேட்டார்கள், வெந்தயம் என்றாள் ஒருத்தியிடம், நடை என்றாள் இன்னொருத்தியிடம், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ராத்திரியில் எழுந்து எழுந்து போனாள், எனக்குக்கூட அவள் அழகாகத்தான் தெரிந்தாள், கன்னத்து எலும்பு எடுத்து, அந்தப் படிக்கட்டில் நின்று பார்த்த பெண்ணைப் போல, அண்ணாச்சி மறுபடி மாடிக்குக் கூப்பிட்ட அன்று வாசலில் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள், கண்ணாடி அங்கனயேதாம்ட்டி இருக்கு, யாரும் எடுக்கல.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், யாருடைய நிச்சயதார்த்தத்துக்கோ எடுத்த சேலையைத் தோளில் போட்டுத் திரும்பும்போதே சரிந்தாள், சேலையும் கூடவே சரிந்தது, கோமு அக்காதான் தாங்கிப் பிடித்தாளாம், பூரின்னு சொன்ன எம் வாயிலதான் அடிச்சுக்கணும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், உள்ளங்காலில் புண், நின்று நின்று வந்தது, அவளுக்கு வலி தெரிந்திருக்கவில்லை, காய்ச்சல் இறங்கவேயில்லை, திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரும்போது நான் வண்டியில் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன், காரியமெல்லாம் முடிந்து பால் வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால், கதவில் முட்டை வைக்கும் குழிகளில் அம்மாவின் ஊசிமருந்துப் புட்டிகள், மூடி பிரிக்காமல், ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன, முன்பும் அவற்றைப் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் தாராளமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன், நினைத்தேனா, நினைக்காமலே கதவைச் சாத்தினேனா.

இப்போது அதே குழியில் என் புட்டி. மாலை வகுப்பில் கணக்குப் பதிகிற பாடம் நடக்கும்போது எழுத்து மங்கியது, கண்ணாடி போட வேண்டுமென்று போனேன், ரத்தம் பார்த்தார்கள், அம்மா வழி என்றார்கள், ஊசி போட்டேன், பார்வை தெளிந்தது, உடம்பு பெருத்தது, வரிசைப்படி எல்லாம் அப்படியே நடந்தது, பக்கத்து இருக்கைக்காரி, ஏளா, ஒரு நாற்காலி போதுமா என்று கேட்டாள், சிரித்தேன், எனக்கும் அம்மாவுக்கும் அந்தச் சிரிப்பு ஒன்றுதான், போன வாரம் அண்ணாச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார், அம்மா எடம் ஒனக்குத்தாம்மா, அவ முகம் அப்படியே இருக்கு, உடம்பு மட்டும் ஒரு சுத்து கொறஞ்சா பட்டுக்கு எடுப்பா இருக்கும், திங்கக்கெழம வா, மொதல்ல அவ ரவிக்கய போட்டுப் பாரு என்றார், நான் வீட்டுக்கு வந்து அம்மாவின் ரவிக்கையை எடுத்து வைத்தேன், நேற்று ஊசி போடவில்லை, முந்தாநாளும் போடவில்லை, மறதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அம்மாவும் முதலில் மறதி என்றுதான் சொல்லியிருப்பாள், இது எனக்கு எப்படித் தெரியும், தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது, முன்ன நீ தின்னதெல்லாம் மூத்திரத்துல போச்சு, இப்ப ஒடம்புல ஒட்டுது, அதான் எடை கூடுது, கூடுச்சுன்னா எங்கிட்ட வந்து அழு, சண்ட போடு, மருந்த மாத்திப் பாப்போம், சாப்பாட்ட மாத்திப் பாப்போம், நீயா நிறுத்தாத என்றார், அம்மாவிடமும் யாராவது சொல்லியிருக்கலாம், சொல்லியும் இருக்கலாம், கண்ணாடியைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், சாரல் நின்றிருக்கிறது, தையல்பெட்டியிலிருந்து ஊசியை எடுக்கிறேன், கறுப்பு நூலின் ஒரு கண்ணியைத் தூக்குகிறேன், வரமாட்டேன் என்கிறது, நெருக்கி நெருக்கிப் போட்டிருக்கிறாள், ஒவ்வொன்றாகத் தூக்குகிறேன், அவள் விரல் போன வழியே பின்னாலிருந்து முன்னால் போகிறேன், நூலை வீசி எறிய மனமில்லாமல் உள்ளங்கையில் வைத்திருக்கிறேன், பிறகு எழுந்துபோய்ப் புட்டியை எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் உருட்டுகிறேன், குளிர்ச்சி போகும்வரை, வயிற்றுச் சதையைக் கிள்ளுகிறேன், இந்தத் தடவை கிள்ளுவது சதையைத்தான், அடுப்படிப் பக்கம் யாரும் இல்லை, ஆனாலும் காது அங்கே போகிறது, ஊசியும் கையுமாத்தாம்மா இருக்கேன் என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன், குரல் அவளுடையதுபோலக் கேட்கிறது, ஊசியை ஏற்றுகிறேன். அண்ணாச்சி பார்த்துவிட்டுக் கீழே அனுப்பலாம், அனுப்பினால் துண்டுப் பக்கம் நிற்பேன், நாளைக்கும் இதே மனம் இருக்குமா தெரியாது, இன்றைக்கு நிற்பேன், ரவிக்கையைப் போடுகிறேன், கொக்கி மாட்டுகிறது, துவைத்துத் துவைத்து வெளுத்த துணியில், தையல்களுக்கு நடுவே ஒளிந்திருந்த அந்த ஒரு விரல் அகலத் துணி மட்டும் வெளுக்காமல், வாங்கிய நாளின் மெரூன் நிறத்தில், இரண்டு பக்கமும் விலாவோரமாக இறங்குகிறது, அதன் நெடுக அம்மாவின் ஊசித்துளைகள், முந்தானையை இழுத்து மறைக்கப் போன கையை எடுத்துக்கொள்கிறேன்.