சமாதானத்துக்குப் பிறகு ஒதீலியா

ஒதீலியா எல் சால்வடோரிலிருந்து தாயோடு டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரத்துக்கு வந்தபோது அவளுக்கு வயது ஏழு. வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் யாழ்ப்பாணத்து ஜெனனி. இரண்டு பேருக்கும் கறுத்த தலைமுடி, ஒரே உயரம். நீங்கள் சகோதரிகளா என்று டெனிஷ் பிள்ளைகள் கேட்டால், ஆமென்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

தாய் எர்லிந்தாவுக்குக் கோழித் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் ஒதீலியா ஜெனனி வீட்டுக்குத்தான் போவாள். ஜெனனியின் அம்மா ராசமலர் இருவருக்கும் ஒன்றாகவே சோறு போடுவாள். ஆறு வருடத்தில் தமிழ் காதில் ஏறி, நாக்கிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

1992 தை மாதம் எல் சால்வடோரில் உள்நாட்டுச் சண்டையை முடிக்கும் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. எர்லிந்தா தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளிட்டு அழுதாள். கோடைக்குள் ஊருக்குப் போய்விடலாம் என்றாள். மறுநாள் ஒதீலியா வகுப்பில் எழுந்து நின்று அதைச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெனனி மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அன்று பின்னேரம் ஜெனனி வீட்டு வாசலில் ஒதீலியா சப்பாத்தைக் கழற்றும்போது, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ராசமலரின் குரல் கேட்டது.

“அவையின்ரை சண்டை முடிஞ்சுது. அவை போயிடுவினம். நீ இனி அவளோட ஒட்டிக்கொண்டு திரியாதை. பிறகு கிடந்து அழப்போறது நீதான்.”

சரி என்று ஜெனனி டெனிஷில் சொன்னதும் கேட்டது. ஒதீலியா சப்பாத்தை மறுபடி மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினாள்.

இரண்டு கிழமை கழித்து எர்லிந்தாவின் தங்கை ஊரிலிருந்து தொலைபேசியில் பேசினாள். ஒதீலியாவின் அண்ணனை வீட்டிலிருந்து இழுத்துப்போன படைக்காரன் இப்போது அதே தெருவில் கடை வைத்திருக்கிறானாம். காலையில் வணக்கமும் சொல்கிறானாம். இனி யாரும் அவனை எதுவும் கேட்கப்போவதில்லையாம். அவன் கையால் நான் சீனி வாங்குவதா என்று எர்லிந்தா கேட்டாள். ஊருக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது.

பள்ளிக்கூட வாசலில் ஒதீலியா ஜெனனியைப் பிடித்து, தாங்கள் போகவில்லை என்றாள். ஜெனனி சந்தோசப்படுவாள் என்று நினைத்திருந்தாள்.

“உங்களுக்குப் போக ஏலும், ஆனா போகேல்லை,” என்றாள் ஜெனனி. “எங்களுக்குப் போகவே ஏலாது.”

“என்ரை அண்ணாவைக் கொண்டுபோனவன் அங்க இருக்கிறான்.”

ஜெனனி ஒரு அடி பின்னால் போனாள்.

“உனக்கு அண்ணா இருந்தவரே? இவ்வளவு நாளும் எங்கட வீட்டிலை சாப்பிட்டனி. எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை.”

அந்த ஒரு வீட்டிலாவது அண்ணன் செத்துப்போகாத பிள்ளையாக இருக்க ஒதீலியா விரும்பியிருந்தாள். ஜெனனி காத்து நின்றுவிட்டுப் போனாள். அடுத்த நாள் வகுப்பில் வேறு வாங்கில், இன்னொரு தமிழ்ப் பிள்ளையான மிதுஷாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

மாசிக் கடைசியில் எர்லிந்தா புதுச் சோபா ஒன்று வாங்கினாள். இந்த நாட்டில் அவள் வாங்கிய முதல் புதுச் சாமான் அதுதான்; ஊருக்குப் போகும் நினைப்பில் அதுவரை பழையதுகளையே வாங்கியிருந்தாள். இரண்டு ஆட்கள் தூக்கி வந்து வைத்ததும் அறை நிறைந்துவிட்டது. எர்லிந்தா பக்கத்தைத் தட்டி, வந்து இரு மகளே என்று ஸ்பானிஷில் கூப்பிட்டாள்.

படிக்கப் பாடம் இருக்கிறது என்று ஒதீலியா டெனிஷில் சொன்னாள். தாய்க்கு அது சரியாக விளங்கவில்லை என்பது தெரிந்தும், திருப்பிச் சொல்லாமல் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.