சாட்சிக்கல் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு

ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்றே நாள் இருக்கும்போது என் அக்கா எங்கள் தொல்லியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். தையல்காரி, கையில் எது கிடைத்தாலும் அளந்து பார்ப்பாள். என் மேசையில் கல்லின் தடிமன் அளக்க வைத்திருந்த காலிப்பரை எடுத்து, திறந்து, மூடி, "ஏன்டி, மூடினா சைபர்தானே காட்டணும்? இது ரெண்டு காட்டுதே" என்றாள்.

என் மூன்று வருட உழைப்பே அந்த இரண்டு மில்லிமீட்டர்தான். மேல் மண்ணடுக்கில் கிடைத்த, ஆதிமனிதர் சீவிய கற்சில்லுகளின் சராசரித் தடிமன் ஏழு, கீழடுக்கில் கிடைத்த அறுநூறு சில்லுகளுக்கு ஒன்பது. ஆக, பின்னால் வந்தவர்கள் கல்லை மெல்லியதாகச் சீவக் கற்றுக்கொண்டார்கள் என்பது என் முடிவு. மேலடுக்கை முதலில் அளந்தேன், கீழடுக்கைப் பிறகு. நடுவில் காலிப்பர் கெட்டிருந்தால் ஆதிமனிதன் ஒன்றும் புதிதாகக் கற்கவில்லை, நான்தான் தப்பாக அளந்திருக்கிறேன். திரும்ப அளக்கலாம் என்றால், கடைசிப் பெட்டி தவிர எல்லாக் கற்களும் கிடங்குக்குப் போய்விட்டன. கேட்டு வாங்க மூன்று மாதம் ஆகும்.

இதற்குத்தான் எங்கள் கூடத்தில் சாட்சிக்கல் என்று ஒன்று வைத்திருக்கிறோம். தினமும் வேலை தொடங்கும் முன் அந்த ஒரே கல்லை அளந்து நோட்டில் எழுத வேண்டும். அளவு மாறினால் கருவியில் கோளாறு. என் நோட்டைப் புரட்டினேன். 41.2, 41.2, 41.2. இன்று காலைகூட. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாம் வாரத்திலிருந்தே நான் அந்தக் கல்லைத் தொட்டதில்லை. சோம்பேறிக் கழுதை, பழைய எண்ணையே பார்த்து எழுதிவந்தேன்.

அதே காலிப்பரைத்தான் எதிர்மேசையில் பானையோடுகளை ஆராய்பவரும் பயன்படுத்துகிறார். மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்ற சண்டையில் அவரோடு பேச்சு நின்று நாலு மாதம். அக்கா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். மானம், ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, விஷயத்தைச் சொல்லி அவர் நோட்டைக் கேட்டேன்.

நீட்டினார். 41.1, 41.3, 41.2, 41.1 என்று போன வியாழன் வரை. வெள்ளியிலிருந்து 43.2. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'வியாழன் மாலை கைதவறிக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு கழிக்கவும்.'

வியாழனுக்குப் பிறகு நான் அளந்தது கடைசிப் பெட்டியின் முப்பத்தாறு சில்லுகளை மட்டும். பெட்டி என் மேசைக்கடியிலேயே இருந்தது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கதான் தினமும் கல்லை அளக்கறீங்களே, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு விரிந்து கிடந்த என் நோட்டை எட்டிப் பார்த்தார். "நிஜமா அளந்தா ஒரு நாளாச்சும் முன்னப்பின்ன வருமேங்க."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வேறு காலிப்பர் இரவல் வாங்கி முப்பத்தாறையும் மறுபடி அளந்தேன். கீழடுக்கின் சராசரி ஒன்பது, எட்டு புள்ளி ஒன்பதானது. அவ்வளவுதான். ஆய்வேட்டில் சாட்சிக்கல்லின் அளவுகளாக அவர் பக்கங்களைத்தான் சேர்த்தேன். அளந்தவர் அவர், நான் அளக்கவில்லை என்றும் எழுதினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, சாட்சிக்கல்லை எடுத்து இரவல் காலிப்பரால் அளந்தேன். 41.3 வந்தது. அப்படியே எழுதினேன்.