போட்டோக்காரர் தொடாத கண்

போட்டோக்காரரின் மனைவி ஒரு மாதமாக கிரீன் டீயை முகத்துக்குத்தான் வாங்கினாள். கொதித்து ஆறிய தண்ணீர் துடைப்பதற்கு, அதையே உறையவைத்த கட்டிகள் கன்னத்தில் தேய்ப்பதற்கு, பிழிந்த சக்கை தேனில் குழைத்துப் பூசுவதற்கு. தலையணை உறைகள் பாசி பிடித்த குளம் போலாகின. அவர் வாய் திறக்கவில்லை. திறந்து வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் ஏராளம்.

இந்தத் திருப்பணிக்கு குரு, அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் நர்ஸ். வரவேற்பறைச் சுவரில் நர்ஸின் படம் இருந்தது. பருவில்லை, தழும்பில்லை, உரித்த முட்டை மாதிரி முகம். என்ன ரகசியம் என்று கேட்டதற்கு நர்ஸ் கூசாமல் கிரீன் டீ என்றிருக்கிறாள்.

அந்தப் படத்தை எடுத்தவர் போட்டோக்காரர்தான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தக் கன்னத்துப் பள்ளங்களைத் தூர்த்தவரும் அவரே.

ஒரு சாயங்காலம் மனைவி கண்ணாடி முன் நின்று அழுதாள். நர்ஸுக்கு வந்த பளபளப்பு தனக்கு மட்டும் வரவில்லையாம், தன் தோலே ராசியில்லாத தோலாம். அவருக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டார். உண்மை பேசினால் நன்மை வரும் என்று சின்ன வயதில் யாரோ அவருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நர்ஸை நாலு வார்த்தை வைதாள். சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு மெல்லத் திரும்பி, போன கல்யாண நாளுக்கு அவர் எடுத்துப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்த்தாள்.

"அதுல நான் எவ்வளவு, நீங்க தேச்சது எவ்வளவு?"

அவர் அவசரமாகச் சொன்னார்: "கண்ணைத் தொடவே இல்லம்மா."

படம் கட்டிலுக்கு அடியில் போனது. மறுநாள் கடை திறந்ததுமே அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். எடுங்க, எதையும் தொடக்கூடாது என்றாள். எடுத்தார். கைகள் மவுஸை நோக்கிப் பழக்கதோஷத்தில் போயின; அவள் பார்த்த பார்வையில் திரும்பி வந்தன.

திரையில் கருவளையம், மங்கு, எல்லாம் அப்படியே வந்து நின்றன. புருவத்தின் ஓரத்தில் ஒரு வெட்டுத் தழும்பைப் பார்த்து, அது எப்போது வந்தது என்று கேட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு," என்றாள்.

இப்போது ஹாலில் அந்தப் படம்தான். வருகிறவர்களெல்லாம், கேமரா ரிப்பேரா என்று அவரிடம் கரிசனமாக விசாரிக்கிறார்கள்.