ஸ்பானர் முதலில் விழுந்ததா

ஸ்பானர் முதலில் விழுந்ததா, என் குத்து முதலில் விழுந்ததா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. ஒரு நாள் இப்படி நினைவு வருகிறது, ஒரு நாள் அப்படி.

அண்ணனும் நானும் ஒரே பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினோம். மூன்று மாதமாக என் நெஞ்சு, கூண்டில் அடைத்த கோழி மாதிரி படபடத்துக்கொண்டிருந்தது. மோட்டாரில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். ஒரு மதியம் அண்ணன் அதை என் மார்பில் ஊன்றினான்.

“டேய், ஓட்டை வண்டி கெட்டுது போ. இஷ்டத்துக்கு அடிக்குது.”

“உன்னோடதக் காட்டுண்ணே.”

சட்டையை விலக்கினான். கேட்டேன். இரண்டு துடிப்பு, ஓர் இடைவெளி, பிறகு நாலைந்து முட்டிமோதிக்கொண்டு. காதில் கேட்பது என் துடிப்புதான் என்று முடிவு கட்டினேன். அவன் குண்டுக்கல். ஒரு நாளும் நோயென்று படுத்ததில்லை.

“உனக்கென்ன, புது மோட்டாரு” என்றேன்.

மறுநாள் காலை அவன் மேஸ்திரியிடம் சொல்லி என்னைப் பிரஸ்ஸிலிருந்து எடுக்க வைத்தான். “மயங்கி விழுந்தான்னா இவன் விரல நான்தான பொறுக்கணும்?” எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் என் தலையை இரும்புத் தூணில் மோதினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் தோளைக் கடித்தேன். வாயெல்லாம் கிரீஸும் உப்பும். முழங்காலால் என் வயிற்றில் இடித்துத் தள்ளிவிட்டு ஸ்பானரை ஓங்கினான். என் முழு பலத்தையும் திரட்டி அவன் நெஞ்சில் குத்தினேன்.

ஸ்பானர் தரையில் கிடந்தது. அவன் வலது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. என்னைத் திட்டத்தான் பார்த்தான். வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணி என்னைச் செருப்பால் அடித்தாள். “கூடப் பொறந்தவனையே சாய்ச்சிட்டியேடா, பாவி!” நான் தடுக்கவில்லை. டாக்டரம்மாதான் அவள் கையைப் பிடித்தார்.

“அடியால வந்ததில்லம்மா. அவர் இதயத்தோட மேலறை ரெண்டும் சரியா சுருங்காம வெறுமனே நடுங்கிட்டிருக்கு. தேங்கின ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைச்சிருக்கு.”

“அவருக்கு ஒண்ணுமே இல்லையே டாக்டர்!”

“சிலருக்குப் படபடப்பு, சிலருக்கு அசதி. சிலருக்கு எதுவுமே தெரியாது. பக்கவாதம்தான் முதல் சேதி. இவருக்கு பி.பி. ரொம்ப அதிகம். பல வருஷமா யாரும் பாக்கல.” பேசிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தவர் நிமிர்ந்தார். “உங்களுக்கும் இதேதான்.”

“என் குத்துல கட்டி நகர்ந்திருக்குமா?”

டாக்டரம்மா என் மணிக்கட்டை விட்டார். “கட்டி நேத்தே இருந்திருக்கும்” என்றார்.

நேற்று. நேற்றுதான் அவன் துடிப்பை என் காதால் கேட்டேன்.

என் நோய்க்குக் காரணம் தைராய்டு என்றார்கள், மாத்திரையில் அடங்கிவிட்டது. அண்ணன் இடது கையால் சாப்பிடுகிறான். ‘டேய்’ என்ற ஒரு சொல் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. அண்ணி பட்டறையில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். என்னோடு பேசுவதில்லை. அண்ணனின் பிரஸ்ஸை நான் ஓட்டுகிறேன்.